வஞ்சகமும் கல்யாணமும்: மோதுற மாதிரி தெரியும் வசனங்களை வாலிபர் வகுப்பில் எப்படி எடுப்பது?

வியாசர்பாடி வாலிபர் ஐக்கியம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் வாலிபர் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அடுத்த பாடம் கல்யாணத்தில் உண்மை. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டில் வரன் பார்த்துட்டு இருக்காங்க. கான்ட்ராக்ட் வேலையை துறைமுகத்துல பெர்மனென்ட்னு சொல்றது, கந்துவட்டிக் கடனை மூடி மறைக்கிறது, முதல் கல்யாணத்தையே சொல்லாம விடறது, இதெல்லாம் நம்ம பக்கம் யாருக்கும் புதுசு இல்ல. அதனால கேள்வி கூர்மையாத்தான் வரும்.

இதுவரை அவங்க கேட்டதை அப்படியே தர்றேன். லேவியராகமம் 19:11 வஞ்சனை பண்ணாதே, பொய் சொல்லாதேங்குது. ஆனா ஆபிரகாம் மனைவியைத் தங்கச்சின்னு சொல்லி ஆடு மாடு வாங்கிட்டுப் போறார். யாக்கோபு அப்பாவை ஏமாத்தி ஆசீர்வாதம் வாங்குறார். லாபான் ஏமாத்திக் கட்டிவச்ச லேயாள்கிட்டதான் லேவியும் யூதாவும் பிறக்கிறாங்க. அக்கா தங்கை ரெண்டு பேரையும் கட்டக்கூடாதுன்னு லேவியராகமம் 18:18 சொல்லுது, யாக்கோபு கட்டியிருக்கார். மல்கியா 2:16ல தள்ளிவிடுதலை வெறுக்கிறேன்னு கர்த்தர் சொல்றார், எஸ்றா 10ல அந்நிய மனைவிகளை அனுப்பிவைக்கிறாங்க. மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டினா விபசாரம்னு சொல்றதுக்கு மாற்கு 10:11ல விதிவிலக்கே இல்ல, மத்தேயு 19:9ல இருக்கு. 1 தீமோத்தேயு 2:14ல ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ரோமர் 5:12ல ஒரே மனுஷனாலே பாவம் வந்தது.

கடைசியா எல்லாரும் வந்து நிக்கிற இடம்: ஏமாத்தி நடத்தின கல்யாணம் தேவனுக்கு முன்னாடி செல்லுமா? "விசுவாசத்தோட ஏத்துக்கோங்க"ன்னு சொல்லி முடிச்சா அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டாங்க. தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க.

கொருக்குப்பேட்டை வேதவகுப்பு:

தம்பி, இவை எல்லாமே ஒரே வகைச் சிக்கல் இல்லை. பிரிக்காமல் எடுத்தால் வகுப்பு முதல் கால் மணி நேரத்திலேயே குழம்பிவிடும். உறவுமுறை பற்றிய கேள்வியை முதலில் தனியே எடுத்து முடித்துவிடுங்கள், அது சுலபம். சாராள் ஆபிரகாமுக்குத் தகப்பன் வழியில் சகோதரி என்று ஆதியாகமம் 20:12 சொல்கிறது. லேவியராகமம் 18:9 அதைத் தடை செய்கிறது. லேயாள், ராகேல் விஷயத்தில் 18:18 தடை. அந்தக் கட்டளைகள் பிற்காலத்தில் சீனாயில் மோசே மூலம் வந்தவை. ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின்புதான் நியாயப்பிரமாணம் வந்தது என்று கலாத்தியர் 3:17ல் பவுலே கணக்குச் சொல்கிறார். யாக்கோபு மீறுவதற்கு அந்தச் சட்டம் அப்போது இல்லை. இதற்குப் பத்து நிமிஷம் போதும்.

ஆனால் இங்கேதான் ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். "அப்போது சட்டம் இல்லை" என்று சொன்ன உடனே, பின்வரிசையில் ஒருவர் "பொய்க்கும் சட்டம் இல்லையே, அப்போ ஆபிரகாம் சொன்னது தப்பில்லையா?" என்று கேட்பார். கேட்க வேண்டும். பதில் கதையிலேயே இருக்கிறது. ஆதியாகமம் 12:18-19ல் பார்வோன் ஆபிரகாமைக் கண்டிக்கிறான். 20:9ல் கேராரின் ராஜா அபிமெலேக்கு, செய்யத்தகாததை எனக்குச் செய்தாய் என்கிறான். 26:10ல், மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்று சொன்ன மகன் ஈசாக்குக்கும் அதே கண்டனம். கண்டிக்கிற யாருக்கும் மோசேயின் பலகை தெரியாது. ஆனாலும் ஒரு கணவன் மனைவியை மறைப்பது அநியாயம் என்று தெரிந்திருக்கிறது. உறவுமுறைத் தடை சட்டத்தோடு வந்தது. வஞ்சகம் தவறு என்பது அதற்கு முன்பே இருந்தது. இந்த வித்தியாசத்தைப் பலகையில் எழுதியே காட்டுங்கள்.

ஆபிரகாம் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஈசாக்கு சொன்னதில் அதுவும் இல்லை. ரெபெக்காள் பெத்துவேலின் மகள், நாகோரின் பேத்தி. தங்கை உறவே கிடையாது. பாதி உண்மை சொன்ன தகப்பனுக்குப் பிறந்த மகன் முழுப் பொய் சொல்கிறான். வரன் பேசும்போது "பொய் சொல்லல, முழுசா சொல்லல, அவ்வளவுதான்" என்கிறார்களே, அவர்களுக்கு ஆதியாகமம் 20ஐ விடப் பொருத்தமான அதிகாரம் இல்லை.

இனி யாக்கோபு. இதற்கு நாற்பது நிமிஷமாவது ஒதுக்குங்கள், ஒரு அதிகாரத்தோடு நிறுத்தாதீர்கள். வஞ்சகம் பலன் தந்தது என்ற எண்ணம் 27ஆம் அதிகாரத்தை மட்டும் வாசிப்பதால் வருகிறது. மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்ற வாக்கு 25:23ல், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டது. அதைப் பெற, ஆட்டுத்தோல் கட்டி அண்ணன் ஏசாவைப் போல நடிக்கத் தேவைப்படவில்லை. ஏமாற்றி வாங்கிய ஆசீர்வாதம் எது என்று 27:28-29ஐப் பாருங்கள்: மிகுந்த தானியம், திராட்சரசம், சகோதரர் வந்து வணங்குவது. ஆபிரகாமின் ஆசீர்வாதமும் தேசமும் அதில் இல்லை. அவை 28:3-4ல் வருகின்றன. அப்போது ஈசாக்குக்கு எதிரே நிற்பவன் யார் என்று நன்றாகத் தெரியும், தெரிந்தே ஆசீர்வதிக்கிறார். ஏமாற்றி வாங்கியதற்கு என்ன ஆனது? வணங்குவதைப் பற்றிச் சொன்னதே, 33:3ல் யாக்கோபுதான் ஏசாவுக்கு முன் ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். தானியமா? 42:1-2ல் அந்த வீட்டில் தானியம் இல்லாமல் எகிப்துக்கு ஆள் அனுப்புகிறான். இதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும்படி வசன எண்களை மட்டும் கொடுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அதன் பலம் போய்விடும்.

வஞ்சகம் எந்த உருவத்தில் போனதோ அதே உருவத்தில் திரும்பி வருகிறது. யாக்கோபு தகப்பனை ஏமாற்றியது அண்ணனுடைய உடையாலும் வெள்ளாட்டுத் தோலாலும் (27:15-16). அவனுடைய பிள்ளைகள் அவனை ஏமாற்றியது யோசேப்பின் அங்கியாலும் வெள்ளாட்டு இரத்தத்தாலும் (37:31-33). கண் தெரியாத தகப்பனிடம் தம்பி அண்ணனாக நின்றான். இருட்டில் லாபான் அக்காளைத் தங்கையின் இடத்தில் அனுப்பினான். "ஏன் எனக்கு வஞ்சகம் பண்ணினீர்" என்று கேட்டவனுக்கு லாபான் தந்த பதில், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல என்பது. மூத்தவனை முந்திக்கொண்டவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று கேளுங்கள், அமைதியாகிவிடுவார்கள்.

ஒரு திருத்தமும் அவசியம். ராகேலுக்காகப் பதினாலு வருஷம் காத்திருந்தான் என்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே பதிந்திருக்கும். 29:27-28ஐ வாசியுங்கள். லேயாளின் ஏழு நாளை நிறைவேற்றியதும் ராகேல் கொடுக்கப்பட்டாள், அடுத்த ஏழு வருஷ வேலை அதற்குப் பிறகு. 31:41ல் அவனே கணக்குச் சொல்கிறான்: பெண்களுக்காகப் பதினாலு, மந்தைக்காக ஆறு, ஆக இருபது.

பெரம்பூர் ஜெபக்குழு சகோதரி:

ஐயா எழுதியதோடு ஏவாள் விஷயத்தையும் சேர்க்கணும். இதுதான் வீடுகளில் தவறாகப் பயன்படுத்தப்படுற வசனம், அதனால இதைக் கடைசி ஐந்து நிமிஷத்துக்குத் தள்ளாதீங்க பிரதர்.

1 தீமோத்தேயு 2:14 யார் ஏமாந்தாங்க என்று பேசுது. ரோமர் 5:12 யார் மூலமா பாவம் உலகத்துக்குள்ள வந்தது என்று பேசுது. கேள்வியே வேற. ஆதியாகமம் 2:16-17ல கட்டளை ஆதாமுக்குக் கொடுக்கப்படுது, ஸ்திரீ உருவாக்கப்படுறது 2:22ல. நேரடியாகக் கேட்டவன் அவன். ஏவாள் 3:13ல "சர்ப்பம் என்னை வஞ்சித்தது" என்று சொல்ல முடிஞ்சது. ஆதாமால் அதைச் சொல்ல முடியல, மனைவியைக் கைகாட்டினான். வஞ்சிக்கப்படாம, தெரிஞ்சே சாப்பிட்டான். அது அவனுக்குப் பெருமை இல்ல, குற்றம் இன்னும் கூடுது. ரெண்டு வசனமும் அப்போ ஒன்றையொன்று தாங்கி நிக்குது.

"பெண்கள் சுலபமா ஏமாறுவாங்கன்னு பவுல் சொல்றார்" என்று யாராவது எடுத்தா, 2 கொரிந்தியர் 11:2-3 வாசிக்கச் சொல்லுங்க. அங்கே ஏவாளைப் போல நீங்களும் கெடுக்கப்படுவீங்களோ என்று ஆண், பெண் எல்லாரும் சேர்ந்த முழுச் சபையையும் எச்சரிக்கிறார். ஈசாக்கு ஏமாந்தார், யாக்கோபு ஏமாந்தார், யோசுவாவும் பிரபுக்களும் ஏமாந்தாங்க. வேதத்தில் ஏமாந்தவங்க பட்டியலில் ஆண்கள்தான் அதிகம் தென்படுறாங்க.

எஸ்றாவும் மல்கியாவும் ஒரே பிரச்சினையோட ரெண்டு பக்கம். மல்கியா 2:11 அந்நிய தேவதையை வணங்குறவளைக் கட்டினதைக் கண்டிக்குது. 2:14 இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணினதைக் கண்டிக்குது. நாலு வசனத்துக்குள்ள ரெண்டு கண்டனம். 16ஆம் வசனத்தைத் தனியா வெட்டி எடுத்தா எஸ்றாவோட மோதத்தான் செய்யும். எஸ்றா 10ல நடந்தது கும்பலா ஒரே நாளில் விரட்டினது இல்ல. 10:16-17படி பத்தாம் மாதம் முதல் தேதி உட்கார்ந்து, முதலாம் மாதம் முதல் தேதிவரை விசாரிச்சாங்க, மூணு மாசம். காரணம் விக்கிரக வழிபாடு, இனம் இல்ல. இனம்தான் காரணம்னா மோவாபியப் பெண் ரூத்துக்கு தாவீதின் வம்சத்தில் இடம் இருந்திருக்காது.

இன்னிக்கு அதைச் செய்யலாமா என்று கேட்டா, கூடாது. 1 கொரிந்தியர் 7:12-13ல விசுவாசியாத துணை சேர்ந்து வாழச் சம்மதிச்சா தள்ளிவிடக் கூடாது என்று நேரா சொல்லியாச்சு. நம்ம பக்கம் பாதி வீடுகளில் ஒருத்தர் ஆலயத்துக்கும் இன்னொருத்தர் கோயிலுக்கும் போறாங்க. எஸ்றா 10ஐ அரைகுறையா சொல்லி அனுப்பினா ஒரு குடும்பமே உடையலாம். எஸ்றாவை எடுத்தா 1 கொரிந்தியர் 7ஐயும் அதே கூட்டத்தில் எடுத்தே ஆகணும்.

திருவொற்றியூர் விசுவாசி:

கடைசிக் கேள்விக்கு நேராக வருகிறேன். யோசுவா 9தான் பதில். கிபியோனியர் பழைய சாக்கு, பீறலான துருத்தி, பூசணம் பூத்த அப்பம் எல்லாம் காட்டி, தூரதேசத்தார் போல் ஏமாற்றி இஸ்ரவேலோடு உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாளில் உண்மை தெரிந்தது. ஆனாலும் கர்த்தர் பேரில் ஆணையிட்டதால் பிரபுக்கள் உடன்படிக்கையை முறிக்கவில்லை (9:19). பல தலைமுறைக்குப் பிறகு சவுல் அதை மீறினார், தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது (2 சாமுவேல் 21:1). சங்கீதம் 15:4 ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவனைப் புகழ்கிறது. யாக்கோபும் லேயாளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆகவே ஏமாற்றி நடந்த கல்யாணமும் செல்லும், ஏமாந்தவர் பொறுத்துத்தான் ஆகவேண்டும். விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர் தவறு. 9:14 கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் போனார்கள் என்றுதானே சொல்கிறது?

ராயபுரம் மீனவர் பங்கு:

அண்ணே, யோசுவா 9ஐ நீங்கள் எடுத்தது நல்லது, ஆனால் முடிவு அங்கிருந்து வரவில்லை. அந்த அதிகாரத்தில் ஏமாற்றியவர்கள் தப்பவில்லை. 9:22-23ல் யோசுவா அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார், சபிக்கிறார், விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைக்கிறார். "ஏமாந்தவர் பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லி, ஏமாற்றியவரை ஒன்றுமே கேட்காமல் விடுவது யோசுவா 9 இல்லை. இன்னொன்று, அங்கே ஆணையை முறித்தால் விளைவு ஒரு ஊரையே கொல்வது. வாக்கு காப்பாற்றியது அவர்கள் உயிரை. ஒரு பெண்ணை அடி உதைக்குள் இருத்திவைக்க அந்த வசனத்தைப் பயன்படுத்தினால் அதன் திசையே தலைகீழாகிறது.

லேயாள் விஷயத்தில் யாக்கோபு உண்மை தெரிந்த பிறகு ஏழு நாளை நிறைவேற்றினான், அதாவது தெரிந்தே ஏற்றுக்கொண்டான். வேறு யாரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அந்த அதிகாரம் கட்டளை இடவில்லை. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி பார்த்தால், ஆளே மாறிப்போன திருமணம் 1097ஆம் பிரிவில் செல்லாது. ஆள் சரி, ஆனால் முக்கியமான ஒரு தன்மையை மறைத்தார்கள் என்றால் 1098. அதில் பார்ப்பது இவை: வேண்டுமென்றே ஏமாற்றியிருக்க வேண்டும், சம்மதம் வாங்குவதற்காகவே ஏமாற்றியிருக்க வேண்டும், மறைத்த விஷயம் தன் இயல்பாலேயே இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவு 1983 சட்டத்தொகுப்பில்தான் புதிதாக வந்தது. குழந்தைப்பேறு இல்லாமை தன்னளவில் திருமணத்தைச் செல்லாததாக்காது, ஆனால் அதை ஏமாற்றி மறைத்தால் 1098 பொருந்தலாம் என்று 1084 தனியாகவே குறிப்பிடுகிறது. சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிச் சொன்னது இதில் வராது. முதல் மனைவி உயிரோடு இருப்பதை மறைத்தால் அதற்கு 1098கூடத் தேவையில்லை, முந்தின திருமணக் கட்டே தடை.

இதில் அடிக்கடி நடக்கிற குளறுபடி ஒன்று. மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பு தந்தால் அது திருச்சபைக்குள் மட்டும். அரசுச் சட்டத்தின் முன் அந்தத் திருமணம் அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996ல் மோலி ஜோசப் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பலவந்தத்தாலோ மோசடியாலோ சம்மதம் வாங்கப்பட்டிருந்தால் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் நீதிமன்ற அதிகாரத்தைக் காப்பாற்றிவைத்திருக்கிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாருக்கும் அது பொது. கோர்ட்டுக்குப் போகாமல் அடுத்த கல்யாணம் செய்தால் இருதார வழக்கு வரும்.

தடுக்கிற இடம் ஓலை, அதாவது ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு. ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கும்போது யாரும் காது கொடுப்பதில்லை. தெரிந்த தடையை திருமணத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சொல்வது விசுவாசிகள் எல்லாருடைய கடமை என்று 1069 சொல்கிறது. "நமக்கென்ன வம்பு" என்று இருந்துவிட்டுப் பிறகு பரிதாபப்படுவது பெரிய அநியாயம்.

மத்தேயு, மாற்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 19:3ல் கேள்வியே எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா என்பது. ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு போதகர்களின் வழிவந்தவர்களிடையே அப்போது ஓடிய விவாதம் அது. மாற்கு 10:2ல் தள்ளிவிடுவது நியாயமா என்று பொதுவாகக் கேட்கிறார்கள், பதிலும் பொதுவாக வருகிறது. மத்தேயு 19:9ல் வரும் "வேசித்தனத்துக்காகத் தவிர" என்ற விதிவிலக்கின் பொருளில் சபைகளுக்குள் ஒருமை இல்லை. எங்கள் பக்கம் பலர் அதை லேவியர் 18ல் தடை செய்யப்பட்ட முறைகேடான உறவுத் திருமணம் என்று எடுப்பார்கள். சி.எஸ்.ஐ. பக்கம் பெரும்பாலும் விபசாரம் என்பார்கள். வகுப்பில் இரண்டையும் சொல்லிவிடுங்கள், ஒன்றை மட்டும் வேதமே சொன்னது போல் சொல்லாதீர்கள்.

மத்தேயு 1:19ஐ விட்டுவிடாதீர்கள். தான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் காரணம் இருந்த ஒரே புதுமாப்பிள்ளை நற்செய்தியில் மரியாவுக்கு நிச்சயமான யோசேப்பு. நிச்சயம் ஆனாலே மனைவி என்ற காலம், விலகவும் முறைப்படி விலக்க வேண்டும். நிச்சயமான பெண்ணின் துரோகத்துக்குக் கல்லெறி தண்டனை சொல்லும் இணைச்சட்டம் 22:23-24 கையில் இருந்தும், ஊரைக் கூட்டாமல் மறைவாக விலக்க நினைத்தவரை "நீதிமான்" என்கிறது வசனம். ஏமாந்தோம் என்று நினைக்கிறவர் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு அசிங்கப்படுத்தலாமா என்ற கேள்விக்கு இதுவே போதும். அதே 22ஆம் அதிகாரம் 13 முதல் 19 வரை, மனைவிமேல் பொய்ப்பழி போட்டவனுக்கு அடியும் நூறு வெள்ளிக்காசு அபராதமும் வைக்கிறது. மறைப்பது மட்டுமல்ல, ஏமாந்ததாகப் பொய் சொல்வதும் வஞ்சகம்தான். (தம்பிக்கு: எங்கள் இணைச்சட்டம் உங்கள் உபாகமம், எண்கள் அதேதான்.)

திருவொற்றியூர் விசுவாசி:

ஏமாற்றியவனைக் கேட்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் சின்னப் பொய்க்கெல்லாம் கல்யாணத்தை உடைக்கலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதுதான் என் கவலை. சங்கீதம் 15:4ஐ வகுப்பில் விட வேண்டாம்.

ராயபுரம் மீனவர் பங்கு:

விடவேண்டாம் அண்ணே. அதே சங்கீதத்தின் 2ஆம் வசனம் மனதாரச் சத்தியம் பேசுகிறவனைப் பற்றியது. நிச்சயத்துக்கு முன்னால் 2ஆம் வசனம், பின்னால் 4ஆம் வசனம் என்று சேர்த்தே வாசிக்கட்டும்.

வியாசர்பாடி வாலிபர் ஐக்கியம்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்ணு. லேவியராகமம் 18:16 அண்ணன் தம்பி மனைவியைச் சேரக்கூடாதுங்குது, உபாகமம் 25:5 சேர்ந்தே ஆகணும்ங்குது. தாமார் வேசி வேஷம் போட்டு மாமனார் யூதாவையே ஏமாத்தினதுக்குப் புகழ்ச்சி வேற. இதை எப்படி?

கொருக்குப்பேட்டை வேதவகுப்பு:

முதலாவது பொதுவிதி, இரண்டாவது நிபந்தனையோடு கூடிய விதிவிலக்கு. உபாகமம் 25:5ல் சகோதரர் ஒன்றாய்க் குடியிருக்க வேண்டும், ஒருவன் இறந்திருக்க வேண்டும், பிள்ளை இல்லாமல் இறந்திருக்க வேண்டும். ஏரோது செய்தது சகோதரன் உயிரோடு இருக்கும்போதே அவன் மனைவியை எடுத்தது, அதனால்தான் யோவான்ஸ்நானன் மாற்கு 6:18ல் நியாயமல்ல என்றார். இறந்தவனுடைய சகோதரன் மறுத்தாலும் உபாகமம் 25:7-10ல் பாதரட்சையைக் கழற்றுகிற அவமானம்தான் தண்டனை, கட்டாயத் தாலி இல்லை.

தாமார் விஷயத்தில் வஞ்சகம் அவளிடம் தொடங்கவில்லை. இறந்த கணவனின் தம்பி ஓனான் கடமையைச் செய்வது போல் நடித்தான் (ஆதியாகமம் 38:9). யூதா, கடைசி மகன் சேலா பெரியவன் ஆகட்டும் என்று சொல்லி அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினான் (38:11), பெரியவன் ஆன பிறகும் கொடுக்கவில்லை (38:14). "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று 38:26ல் சொல்வது யூதா. அது அவளுக்குச் சான்றிதழ் என்பதைவிட அவனுடைய பாவ அறிக்கை. அதன்பின் அவன் அவளைச் சேரவில்லை என்றும் அதே வசனம் சொல்கிறது, மாமனார் உறவை அது அங்கீகரிக்கவில்லை. எரிகோவில் வேவுகாரரை ஒளித்துவைத்துப் பொய் சொன்ன ராகாபுக்கும் இதே அளவுகோல்: எபிரெயர் 11:31 அவள் வேவுகாரரைச் சமாதானத்தோடு ஏற்றுக்கொண்டதைப் புகழ்கிறது, யாக்கோபு நிருபம் 2:25 அவர்களை வேறு வழியாக அனுப்பினதை. பொய்யை எடுத்துப் புகழ்ந்த வசனம் கிடையாது. ஆண் குழந்தைகளைக் காக்கப் பார்வோனிடம் பொய் சொன்ன எபிரேய மருத்துவச்சிகளைப் பற்றி ஆதிச்சபைப் போதகர் அகுஸ்தினாரும் இதையே சொன்னார், அவர்களுக்குக் கிடைத்த பலன் இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் அடங்காது. முதல் ஞாயிறு ஆபிரகாமும் யாக்கோபும் மட்டும். ஆதியாகமம் 20, 27, 29, 33:1-11, 37:31-35, 42:1-2 ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒரு செட் கொடுங்கள், போனில் வாசித்தால் முன்னும் பின்னும் புரட்ட மாட்டார்கள். இரண்டாம் ஞாயிறு யோசுவா 9, சங்கீதம் 15, மத்தேயு 1:18-25, ஏமாற்றிய கல்யாணம் பற்றிய கேள்வி. அன்றைக்கு உங்கள் சபைப் போதகரையும் ஒரு வக்கீலையும் உட்காரவையுங்கள், ஏனென்றால் யாராவது ஒருவர் கூட்டம் முடிந்து தனியாக வந்து கேட்பார். எஸ்றா, மல்கியா, 1 கொரிந்தியர் 7 மூன்றையும் மூன்றாம் ஞாயிறு சகோதரி சொன்னபடி சேர்த்தே எடுங்கள். கலப்புக் குடும்பப் பிள்ளைகள் யார் யார் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களை எஸ்றா 10 வாசிக்கச் சொல்லாதீர்கள்.